மருந்து வைக்கும் முன் வளையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மானாவாரி நிலக்கடலையில் எலித்தொல்லை பற்றித் தங்கள் வேளாண் பகுதியில் வந்த குறிப்பைப் படித்தேன். விதைப்புக்கு முன்பே வேலையைத் தொடங்கச் சொன்னது சரி. ஆனால் வயலை ஒட்டிய புதர்க்காட்டில் தென்படும் எல்லா எலி வளைகளிலும் விஷ மருந்து வைக்கச் சொன்னது தவறு. அதை நம்பிச் செய்கிறவருக்கு மருந்துச் செலவு வீண். அந்தக் காட்டில் மேயும் கவுதாரிக்கும் காடைக்கும் மயிலுக்கும் சாவு. அடுத்த சாகுபடிப் பட்டத்தில் எலி குறைந்திருக்கப் போவதும் இல்லை. ஏன் என்று, அந்தப் புதரில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியை முன்வைத்துக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். முழுவதையும் வெளியிட இடமில்லை என்றால் வளை அடைத்துப் பார்க்கும் பகுதியையாவது வெளியிடுங்கள்.

வட மாவட்டங்களின் செம்மண் மானாவாரி நிலத்தில் வளையில் குடியிருக்கும் எலிகள் முக்கியமாக நான்கு. வரப்பெலி 200 முதல் 300 கிராம் வரை எடை வரும். தோண்டிய மண்ணை வாசலிலேயே குவித்து வாசலை மூடி வைக்கும். அதற்கு ஈரம் வேண்டும். அதனால் கிணற்றுப் பாசன நிலத்திலும் வாய்க்கால் ஓரத்திலும்தான் அதிகம். வயல் சுண்டெலி 10 கிராம்தான் இருக்கும். வளை வாய் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும் அளவு, வெளியே சிறு சிறு உருண்டையாக மண் கிடக்கும். புல்லெலி 50 முதல் 70 கிராம். பெரிதாகத் தோண்டாது. மண் வெடிப்பிலும் கல் குவியலிலும் வேறு எலி விட்டுப்போன வளையிலும் தங்கும். நான்காவது வெள்ளெலி. ஆவாரை, சூரை, காரை, சங்கஞ்செடி வளர்ந்த வறண்ட புதர்க்காடுதான் அதன் சொந்த வீடு. வயலுக்கு அது விருந்தாளியாக வந்து போவது.

வெள்ளெலியைக் கையில் எடுத்தால் அடையாளம் காண்பது எளிது. 100 முதல் 200 கிராம் எடை, முதுகு மணல் நிறம் கலந்த பழுப்பு, வயிறு தூய வெள்ளை. கண் பெரியது. பின்னங்கால் பாதம் நீளமானது, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். வால் உடம்பை விட நீளம், முழுவதும் மயிர் மூடியது, நுனியில் கறுப்புக் குஞ்சம். மற்ற மூன்று எலிகளின் வாலும் செதில் தெரிய மொட்டையாக இருக்கும். இந்தக் குஞ்ச வால் ஒன்றே வயலில் பெரும்பாலும் போதுமான அடையாளம். மேல் முன்பற்கள் ஒவ்வொன்றிலும் நடுவே நெடுக்காக ஒரு கோடு பள்ளம் ஓடும். ஆனால் பல்லை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அதே புதரில் வாழும் இன்னொரு எலிக்கும், செடிக்குள் புல்லால் கூடு கட்டி வாழுமே, அந்தப் புதரெலிக்கும் பல்லில் பள்ளம் உண்டு. அதற்கு வால் குட்டை, உடம்பில் சொரசொரப்பான புள்ளி மயிர், குஞ்சம் கிடையாது. அது வளை தோண்டுவதில் பெயர் பெற்றதும் அல்ல. 1807ஆம் ஆண்டு ஹார்ட்விக் என்பவர் அறிவியல் உலகுக்கு விவரித்த டட்டெரா இண்டிகா என்பது இந்த வெள்ளெலிதான். மான் போலத் தாவி ஓடுவதால் பழைய ஆங்கில நூல்கள் இதை மான் எலி என்றே குறித்தன.

எலி கையில் கிடைப்பது அபூர்வம். அது இரவில் நடமாடுவது. பகலில் நமக்குத் தெரிவது வளை மட்டும்தான். ஆகவே வளையைப் படிக்கக் கற்க வேண்டும்.

வெள்ளெலி வளையின் வாய் வட்டமாக, 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கும். பெரும்பாலும் ஒரு புதரின் தூரை ஒட்டியோ வரப்பின் சரிவிலோ திறக்கும். வெளியே தள்ளிய மண் வாசலை மூடாமல் ஒரு பக்கமாக விசிறி விரிந்து கிடக்கும். உள்ளே சுரங்கம் சாய்வாக இறங்கி ஒன்றரை, இரண்டடி ஆழம் வரை போகும், கிளை பிரியும், ஓரிடத்தில் அகன்று காய்ந்த புல் விரித்த அறையாகும். ஒரே வளைக்கு இரண்டு முதல் ஐந்தாறு வாய்கள் வரை உண்டு. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத வாய் ஒன்றும் இருக்கும். சுரங்கத்தின் ஒரு கிளை தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய மண் படலத்தை விட்டுவைத்து நின்றுவிடும். சாரைப்பாம்போ கீரியோ உள்ளே நுழைந்தால் வெள்ளெலி அந்தப் படலத்தை முட்டிக்கொண்டு வெளியே பாயும். அங்கே மண் குவியலே இருக்காது. வளை வாயில் புகை போட்டுவிட்டு மற்ற வாய்களில் வலை பிடித்து நிற்கிறவர்களுக்கு எலி எங்கே போனது என்று தெரியாமல் போவதற்கு இதுவே காரணம். எலி பிடிப்பதில் தேர்ந்த இருளர்கள் முதலில் வளையைச் சுற்றி ஏழெட்டு அடி தூரம் காலால் மிதித்துப் பார்ப்பது இந்தப் பொய்த்தரையைக் கண்டுபிடிக்கத்தான்.

இன்னொரு சோதனை செலவில்லாதது. மாலையில் வளை வாய்க்கு முன் ஓரடி சதுரத்துக்குப் பொடி மண்ணைச் சலித்துப் பரப்பி, உள்ளங்கையால் மட்டமாகத் தடவி விடுங்கள். விடிந்ததும், வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள். நீண்ட பின்பாதத் தடங்கள் இரண்டு இரண்டாகச் சேர்ந்து விழுந்திருந்தால் அது தாவிப் போன வெள்ளெலி. சிறு புள்ளித் தடங்கள் நெருக்கமாக ஓடினால் சுண்டெலி. நெளிந்த ஒற்றைத் தடம் இருந்தால் அந்த வளையைத் தொடாமல் விலகிவிடுங்கள். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் எலி வளையில்தான் பகலைக் கழிக்கின்றன. எந்த வளைக்குள்ளும் வெறுங்கையை விடக் கூடாது.

சேதத்தைப் பார்த்தும் ஆளைச் சொல்லலாம். விதைத்த ஒரு வாரத்துக்குள் சால் நெடுக சிறு குழிகள் தோன்றி, பருப்பின் தோல் மட்டும் பக்கத்தில் கிடந்தால் மாலை ஒருமுறையும் காலை ஒருமுறையும் போய்ப் பாருங்கள். பகலில் புதுக்குழி விழுந்திருந்தால் அது மயில், காகம் அல்லது அணில் வேலை. அதற்கு எலி மருந்து வைத்து எந்தப் பயனும் இல்லை. இரவில் விழுந்த குழி மட்டுமே எலிக் கணக்கில் சேரும். காய் பிடித்த பிறகு வரும் சேதத்தில் செடி வாடாமல் நிற்கும், அடியில் மண் பறிக்கப்பட்டிருக்கும், உடைத்த காய்களின் ஓடு அங்கேயே சிதறிக் கிடக்கும்.

இனி அடைத்துப் பார்க்கும் முறை. தங்கள் குறிப்பில் இது இல்லாததே பெரிய குறை.

முதல் நாள் மாலை, வயலிலும் வரப்பிலும் உள்ள எல்லா வளை வாய்களையும் மண்ணால் அடையுங்கள். கெட்டியாக இடிக்க வேண்டாம், வாய் மூடினால் போதும். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ அதுதான் எலி இருக்கிற வளை. அதன் அருகே ஒரு குச்சி நட்டு நுனியில் துணி கட்டுங்கள். மழைக்குப் பிறகு அடைக்காதீர்கள். ஈரமண் தானே சரிந்து பொய்க்கணக்குக் காட்டும். அடைத்த இரவு மழை பெய்தால் மறுபடி அடைக்க வேண்டும். கோடைக்குப் பிறகு எண்ணினால் பழைய வளைகளில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். நூறு வாய் தெரிகிறதே என்று நூறு பொட்டலம் போடுகிறவர் மருந்தின் பெரும்பகுதியை வெறும் மண்ணுக்குக் கொடுக்கிறார். அந்த மருந்து அங்கேயே கிடந்து, பிறகு வேறு ஏதாவது உயிரின் வாய்க்குப் போகிறது. ஒரு வெள்ளெலிக்குப் பல வாய்கள் இருந்தாலும், அடைத்த இரவில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாயைத்தான் திறக்கும். ஆகவே திறந்த வாய்களின் எண்ணிக்கை எலி எண்ணிக்கைக்கு அருகில் வரும், மொத்த வாய்களின் எண்ணிக்கை வராது.

இரண்டாம் நாள், திறந்த வாய்களில் மட்டும் மருந்தில்லாத இரை, அதாவது முன்இரை, வைக்க வேண்டும். உடைத்த கம்பில் சிறிது கடலை எண்ணெய் பிசறி, வாய்க்கு 20 கிராம். நெல் வேண்டாம். எலி உமியை உரித்துவிட்டுத் தின்பதால், பிறகு மருந்து கலக்கும்போது மருந்து உமியோடு போய்விடும். நான்காம் நாள், அதே கம்பு, அதே எண்ணெயில் ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி மருந்து கலந்த இரை. 1 கிலோவுக்குக் கம்பு 960 கிராம், எண்ணெய் 20 கிராம், மருந்து 20 கிராம். வாய்க்கு 10 கிராம் போதும். காகிதப் பொட்டலமாகக் கட்டிக் குச்சியால் ஓரடி உள்ளே தள்ளி வாயை லேசாக மூட வேண்டும். வரப்பின் மேல் தூவவே கூடாது. கலக்குவது திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, கையுறையோடு, குச்சியால் கிளறி. தண்ணீர் ஒரு துளியும் சேரக் கூடாது. ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். இதற்கு முறிவு மருந்து கிடையாது. கலக்கிய பாத்திரம், கரண்டி எதுவும் சமையல் பக்கம் திரும்பிப் போகக் கூடாது.

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மருந்தில்லாத இரை வைக்கும் இரண்டு நாளை வீண் செலவு என்று நினைத்து நேரே மருந்தை வைத்துவிடுகிறார்கள். பழகாத தீனியை எலி கொஞ்சமாகக் கொறித்துப் பார்க்கும். அரைகுறையாகத் தின்றது சாகாமல் வயிற்று வலியோடு தப்பிக்கும். அந்தத் தீனிக்கும் அந்த வலிக்கும் உள்ள தொடர்பை அது மறக்காது. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அந்த இரையைத் தொடாது. அந்தப் பட்டம் முழுவதும் ஜிங்க் பாஸ்பைடு அந்த வயலில் பயன்படாது. எண்ணெய் சிக்குப் பிடித்திருந்தாலும், முன்இரைக்கு ஒரு தானியமும் மருந்துக்கு வேறு தானியமும் வைத்தாலும் இதே கதிதான். தப்பியவற்றுக்கு அதே மருந்தை மீண்டும் வைப்பது பிழையின் மேல் பிழை. எட்டு நாள் கழித்து மறுபடி எல்லா வாயையும் அடைத்து, மறுநாள் திறந்தவற்றில் மட்டும் புரோமாடியோலோன் கட்டியை வாய்க்கு 15 கிராம் வீதம் உள்ளே வைக்க வேண்டும். இது ரத்தம் உறையாமல் செய்து, நான்கு நாளிலிருந்து பத்து நாளுக்குள் கொல்லும். வலியும் தீனியும் இணையாததால் எலிக்குச் சந்தேகம் வராது. மனிதர் தவறி உட்கொண்டால் வைட்டமின் கே1 முறிவு மருந்தாக உண்டு, ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்தின் அட்டையையும் கையோடு கொண்டு போக வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையை எலிக்கென்று இன்னும் யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, அதற்கும் முறிவு இல்லை.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வளைக்குள் போட்டு அடைப்பது பற்றியும் கேட்கிறார்கள். அது பொதுமக்களுக்கு விற்கக் கூடாத மருந்து. அதோடு, வறண்ட செம்மண்ணில் அது சரியாக வேலையும் செய்யாது. வாயு கிளம்ப மண்ணில் ஈரம் வேண்டும், கிளம்பிய வாயு தங்க மண் இறுக்கமாக இருக்க வேண்டும். வெள்ளெலி வளை இருக்கும் நிலத்தில் இரண்டும் இல்லை.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். நிலத்தில் பயிர் இல்லாத, தீனி குறைந்த கடைசிக் கோடையில் இரையை எலி விரும்பி எடுக்கும். கடலை காய் பிடித்த பிறகு காலடியிலேயே எண்ணெய்ச் சத்துள்ள காய் கிடக்கையில் நம் கம்பை ஏன் தொடப் போகிறது? காய் பருவத்தில் மருந்து வைத்துப் பலனில்லை என்று வருவதெல்லாம் இதனால்தான். அந்தப் பருவத்தில் கிட்டி, அதாவது மூங்கில் எலிப்பொறி, மேல். தஞ்சாவூர்க் கிட்டி ஏக்கருக்கு 40 வீதம், எலி நடக்கும் தடத்தில், மாலையில் வைத்து விடியலில் எடுத்துவிட வேண்டும். பகலில் விட்டுவைத்தால் கவுதாரியும் ஓணானும் மாட்டும். கோடை உழவு நல்லதுதான், சுண்டெலியின் மேலோட்ட வளைகளை அது உடைக்கும். ஆனால் கலப்பை போகும் ஆழம் அரையடி, முக்கால் அடி. இரண்டடி ஆழத்தில் இருக்கும் வெள்ளெலி அறைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உழுத மறுநாளே மேலே புது வாய் திறந்திருக்கும்.

வரப்பில் உள்ள வெள்ளெலி வளை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மானாவாரி நிலத்தில் காயை விட வரப்புதான் பெரிய சொத்து. எலியை அப்புறப்படுத்திய பின் வாயை மட்டும் மண்ணால் அடைத்துவிட்டுப் போனால் உள்ளே சுரங்கம் அப்படியே இருக்கும். முதல் கன மழையில் மேல்புறம் தேங்கும் நீர் அந்தச் சுரங்கத்தைக் கண்டுபிடித்து, உள்ளிருந்தே மண்ணை அரித்துக்கொண்டு கீழ்புறம் உடைத்துக்கொண்டு போகும். வெளியே பார்க்க வரப்பு நன்றாகவே இருந்திருக்கும். சரியான முறை இது. வாயிலிருந்து சுரங்கம் போகும் வழியே கடைசி வரை வெட்டித் திறக்க வேண்டும். பிறகு, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவு ஈரமுள்ள மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து மேலே வர வேண்டும். காய்ந்த கட்டிகளைக் கொட்டி நிரப்பினால் இடுக்குகள் நிற்கும், அடுத்த எலிக்கு அது தயாரான பாதை. நெல் வயலுக்குச் சொல்வது போல் வரப்பின் அகலத்தைக் குறையுங்கள் என்று இங்கே சொல்ல முடியாது. மண் அரிப்பைத் தடுக்கப் போட்ட வரப்பு இது. அகலம் இருக்கட்டும், வருடத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்து வெட்டி இடிப்பதே வழி.

இப்போது புதர்க்காட்டுக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே இதற்காகத்தான்.

வெள்ளெலி ஏறத்தாழ நான்கு வாரம் சினையாக இருந்து ஓர் ஈற்றில் சராசரி நான்கைந்து குட்டி போடும். வருடம் முழுவதும் ஈனக்கூடியது. குட்டிகள் மூன்று நான்கு மாதத்தில் தாமே ஈனத் தொடங்கும். இப்படிப்பட்ட உயிரைப் புதரில் மருந்து வைத்துக் குறைத்தாலும், காலியான வளைகள் அப்படியே நிற்க, சுற்றியுள்ள காட்டிலிருந்து இளம் எலிகள் வந்து அதே வளைகளில் அமர்ந்துவிடும். நூறு ஏக்கர் புதரில் ஐந்து ஏக்கர் ஓரத்துக்கு மருந்து வைப்பது, வாளியால் மொண்டால் கிணறு ஊறுவது போலத்தான் முடியும். அங்கே எலியின் எண்ணிக்கையை உண்மையில் கட்டி வைத்திருப்பவை வேறு. கூகை, கொம்பன் ஆந்தை, நரி, காட்டுப்பூனை, கீரி, சாரை, உடும்பு. இவை எல்லாம் எலி ஈனும் வேகத்தில் ஈனுபவை அல்ல. புரோமாடியோலோன் தின்ற எலி நான்கு நாளுக்கு மேல் நடமாடும். போகப் போகத் தள்ளாடி, பகலிலும் வெளியே வரும். அதைத்தான் கூகை முதலில் பிடிக்கும். மருந்து கூகையின் ஈரலில் தங்கிச் சேரும். ஜிங்க் பாஸ்பைடு இந்த வகையில் அவ்வளவு தொடர்வதில்லை, ஆனால் வயிற்றில் செரிக்காத இரையோடு செத்த எலியைத் தின்னும் நாயும் நரியும் சாகக்கூடும். ஆக, புதரில் வைத்த மருந்து எலியைச் சில மாதங்களுக்கும் எலியைத் தின்பவற்றைப் பல வருடங்களுக்கும் குறைக்கிறது. அடுத்த மழைக்குப் பிறகு வயலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த எலி புதரில் சும்மாவும் இருப்பதில்லை. விதை, கிழங்கு, புல் தின்பதோடு வெட்டுக்கிளியும் வண்டும் தின்கிறது, அதுவும் பச்சை குறைந்த கோடையில் பூச்சி அதிகம். அது தோண்டிவிட்ட வளையில் அரணையும் தவளையும் தேளும் வெயில் காலத்தைக் கடத்துகின்றன. இறுகிய செம்மண்ணில் மழைநீர் இறங்குவதற்குப் பழைய வளைகள் வழிவிடுகின்றன. தரிசு என்று பதிவேட்டில் எழுதப்பட்ட நிலத்தில் இவ்வளவும் நடக்கிறது.

சட்டமும் இருக்கிறது. தானிய இரையைப் புதரில் தூவினால் முதலில் வருவது மயில். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. எலிக்கு வைத்தேன் என்பது செத்த மயிலுக்குப் பதிலாகாது. சரணாலய எல்லைக்குள் காட்டுயிர்களுக்குத் தீங்கு தரும் வேதிப்பொருளைப் பயன்படுத்துவதையே அச்சட்டத்தின் 32ஆம் பிரிவு தடை செய்கிறது. காப்புக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பொட்டலம் வைக்கும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

அப்படியானால் ஓர வயலுக்கு என்ன செய்வது? வயலுக்கும் புதருக்கும் நடுவே நான்கைந்து மீட்டர் அகலத்தில் செடி கொடி இல்லாமல் வெட்டி வைக்கலாம். வெற்றுத்தரை வெள்ளெலியைத் தடுக்காது, ஒரே பாய்ச்சலில் மூன்று நான்கு மீட்டர் தாவக் கூடியது அது. ஆனால் அந்தத் தரையில் அது ஆந்தையின் கண்ணில் படும். அதற்கு ஆந்தை உட்கார இடம் வேண்டும். ஐந்தாறு அடி உயரக் கழியின் தலையில் ஓரடிக் குறுக்குக் கட்டை கட்டி, அசையாமல் நட வேண்டும், ஏக்கருக்கு 15 முதல் 20. பாதியை அந்த ஓரத்திலேயே நெருக்கமாக நடுங்கள். ஆந்தை வருகிறதா என்று அறிய, கழியின் அடியில் பாருங்கள். விரல் நீளத்தில், மயிரும் எலும்பும் சேர்ந்த கறுத்த உருண்டைகள் கிடக்கும். ஆந்தை கக்கிப் போட்டவை அவை. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் மண்டையோடு முழுசாக வரும். மேல்பல்லில் பள்ளம், காதெலும்பு இரண்டும் பெரிதாக உப்பலாக இருந்தால் வெள்ளெலி. பத்து உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் நம் வயலில் எந்த எலி அதிகம் என்று தெரிந்துவிடும். இந்த விவரம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது.

சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை பல ஊர்களில் நடக்கிறது. அதிலும் ஒரு கவனம் வேண்டும். பொக்லைன் காட்டின் உட்புறத்திலிருந்து தொடங்கி வயலை நோக்கி வந்தால், கலைந்த எலி முழுவதும் வயல் வரப்பில் வந்து சேரும். வயல் ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போக வேண்டும். விதைப்புக்கு முந்திய மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. கருவேலத்தோடு நடுவில் நிற்கும் சூரையையும் காரையையும் சேர்த்துப் பறிப்பதும் வேண்டாம். அவை நம் மண்ணின் செடிகள்.

உடல்நலம் பற்றி இரண்டு விஷயம். வெள்ளெலி பிளேக் கிருமியை இயற்கையில் தாங்கி வைத்திருக்கும் எலிகளில் ஒன்று. 1994இல் சூரத்திலும் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலும் ஏற்பட்ட பீதியைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஓசூரில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாடு மற்றும் விலங்குவழி நோய்கள் நிறுவனம் போன்றவை இருப்பது இப்படிப்பட்ட நோய்களைக் கண்காணிக்கத்தான். வெள்ளெலி இருக்கும் இடமெல்லாம் பிளேக் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் செத்த எலியை வெறுங்கையால் எடுக்காதீர்கள். உடம்பு குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சி அதை விட்டு வேறு சூடான உடம்பைத் தேடி வரும். நீண்ட இடுக்கியால் எடுத்து இரண்டடிக் குழியில் புதையுங்கள். மருந்து வைக்காத இடத்தில், காரணம் தெரியாமல் ஒரே நேரத்தில் பல எலிகள் செத்துக் கிடந்தால் தொடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். இன்னொன்று, புதரில் வேலை செய்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்து, இடுப்பிலோ அக்குளிலோ கறுத்த பொருக்குப் புண் தெரிந்தால் அது எலிகள் மேல் வாழும் சிறு உண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். வலிக்காத புண் என்பதால் பலர் சொல்வதே இல்லை. உரிய நேரத்தில் டாக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகும்.

வெள்ளெலியைப் பிடித்து உண்பவர்கள் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். அதை இழிவாகப் பார்க்கிற பழக்கம் போகட்டும். அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. புரோமாடியோலோன் வைத்த வயலில் பிடிபடும் எலி பார்ப்பதற்கு நலமாகவே இருக்கும். அதன் ஈரலில் மருந்து இருக்கும், சமைத்தாலும் போகாது. மருந்து வைக்கும் ஒவ்வொருவரும், வைப்பதற்கு முன்பே, எலி பிடிக்க வரும் குடும்பங்களிடம் எந்த வயல், எந்த நாள் என்று நேரில் சொல்ல வேண்டும். வயல் முகப்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். அந்த வயலிலும் பக்கத்து வயல்களிலும் அந்தப் பட்டம் முழுவதும் எலி பிடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதை விட நல்லது, மருந்துக்கு முன் அவர்களையே கூலிக்கு அழைத்துப் பிடிக்கச் சொல்வது. பொய்த்தரையைக் காலால் கண்டுபிடிக்கும் அவர்கள் திறமைக்கு முன் எந்தப் பொட்டலமும் நிற்காது.

அடுத்த விதைப்புக்கு முன் இதே பக்கத்தில் திருத்திய குறிப்பு ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் புதர்க்காட்டுக்கு மருந்து என்ற வரி நீங்க வேண்டும். முதல் நாள் அடைப்பு, இரண்டாம் நாள் முன்இரை, நான்காம் நாள் மருந்து, பன்னிரண்டாம் நாள் மறு அடைப்பு என்ற வரிசை இடம்பெற வேண்டும். ஒரே ஊரில் பத்துப் பேர் பத்து வெவ்வேறு வாரத்தில் செய்தால் எலி வயல் மாற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ஊராட்சி முழுவதும் ஒரே வாரத்தில் செய்ய வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.